கட்டிலுக்குள் துவரம்பருப்பு

அந்த வருஷம் வெங்காய விலை ஏறியபோது டில்லி முழுக்க அதே பேச்சாக இருந்தது. பஸ்ஸில், பால் பூத்தில், காய்கறி வண்டிக்குப் பக்கத்தில், எங்கே நின்றாலும் வெங்காயம்தான். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பருப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்.

"வெங்காயம் இல்லாம சாம்பார் வைக்கலாம். முள்ளங்கி போடலாம், பூசணிக்காய் போடலாம். பருப்பு இல்லாம என்னத்தை வைப்ப?" என்று என்னைக் கேட்டார். நான்தான் விலையை ஏற்றியதுபோல இருந்தது அவர் கேட்ட விதம்.

அவர் மத்திய சர்க்கார் ஆபீசில் கிளார்க். கோல் மார்க்கெட் பக்கத்தில் பழைய குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தோம். நாங்கள் இரண்டு பேர், காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி. பருப்பு விளைச்சல் குறைச்சல் என்று பேப்பரில் எந்த மூலையிலோ படித்துவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் வரும்போதெல்லாம் கடையில் நின்று விலை கேட்டுக்கொண்டு வருவார். வாங்க மாட்டார், கேட்பதோடு சரி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கும் ஏறிடுச்சு" என்பார். தான் சொன்னது பலித்துவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், மத்தியானம் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மடியில் நல்லெண்ணெய் டின். காலடியில் புளி, மிளகாய் வற்றல். பக்கத்தில், ஒரு ஆளைப்போல உட்கார்ந்துகொண்டு, ஒரு மூட்டைத் துவரம்பருப்பு.

பெண் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, யே க்யா ஹை? என்ன இது, நாம ஹோட்டல் வைக்கப் போறோமா?" என்றாள்.

"சிரி, சிரி. நாளைக்கு ஊரெல்லாம் பருப்பில்லாம ரசம் குடிக்கும்போது தெரியும்" என்றார் அவர்.

மூட்டையை மேலே கொண்டுவந்த பிறகுதான் அதை வைக்க இடமில்லை என்று தெரிந்தது. எங்கள் சமையலறையில் ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் வெளியே வர வேண்டும். சிங்க்குக்கு அடியில் எலி. பால்கனியில் வைத்தால் குரங்கு. அந்தப் பக்கத்துக் குரங்குகள் பிரிட்ஜையே திறக்கக் கூடியவை, மூட்டையை விட்டுவைக்குமா? கூடத்தில் வைக்கலாம் என்றால் வருகிறவர்கள் கண்ணில் படும். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"வெளியில சொல்லாத. ஆளாளுக்குக் கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்துருவாங்க" என்று என்னிடம் சொன்னார். நான் யாரிடம் சொல்லப் போகிறேன் என்று அவருக்கே தெரியும்.

அப்போதுதான் அவருக்குக் கட்டில் ஞாபகம் வந்தது.

டில்லிக் கட்டில் நம் ஊர்க் கட்டில் மாதிரி நான்கு காலில் நிற்காது. அது ஒரு பெரிய மரப்பெட்டி. மெத்தையைத் தள்ளிவிட்டுப் பலகையைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்ன அறையே இருக்கும். பெட் பாக்ஸ் என்பார்கள். வெயில் காலம் முழுக்க அதில் ரஜாய்கள் தூங்கும். ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனத்த போர்வை. அது இல்லாமல் டில்லிக் குளிரைத் தாண்ட முடியாது. தீபாவளி முடிந்ததும் வெளியே எடுத்து மொட்டை மாடியில் காயப் போடுவோம். அந்த வருஷமும் அப்படித்தான், சரியாக அதற்கு முந்தின நாள் நான் ரஜாய்களை எடுத்திருந்தேன். பெட்டி காலியாகக் கிடந்தது.

"இந்தா, எவ்வளவு இடம் சும்மா கிடக்கு பாரு" என்று பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காட்டினார்.

"பூச்சி வராதாங்க?"

"இத்தனை வருஷத்துல ரஜாயில ஒரு பூச்சி பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஏன் வரவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ரஜாயை மடிக்கும்போது மடிப்புக்கு மடிப்பு நாப்தலின் உருண்டை போடுகிறவள் நான்தான். ஆனால் குளிர் வரும்போது உருண்டைகள் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். பெட்டிக்குள் பார்த்தால் சுத்தமான மரம்தான் தெரிந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், உலர விட்டேன், பேப்பர் விரித்தேன். மூட்டையை இறக்கினோம்.

வாசனை தெரியவில்லையா என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். எப்படித் தெரியும்? குளிர் ஆரம்பித்தால் டில்லியில் எந்த வீட்டில் நுழைந்தாலும் அந்த வாசனைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஸ்வெட்டரிலும் சால்வையிலும் அதுதான். குளிர் வந்துவிட்டது என்பதே எங்களுக்கு மூக்கு வழியாகத்தான் தெரியும். கொஞ்ச நாளில் வெயிலில் போய்விடும். அதனால் யாரும் அதை ஒரு வாசனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டுக்காரர் பருப்பின் மேல் படுத்துத் தூங்கினார். நல்ல தூக்கம். விலை ஏற ஏற அவர் முகத்தில் களை கூடிக்கொண்டே வந்தது. "அப்பாவுக்குத் துவரம்பருப்பு மேல படுத்தாத்தான் நீந்த் வருது" என்று பெண் கேலி செய்வாள். சமையலறை டின்னில் போன மாசத்துப் பருப்பு இருந்ததால் மூட்டையை நான் பிரிக்கவில்லை. அது பாட்டுக்கு உள்ளே கிடந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நடுவே ஒரு புல்தரை உண்டு. குளிர்காலத்தில் மத்தியானமானால் பெண்கள் எல்லோரும் அங்கே வெயிலுக்கு வந்துவிடுவார்கள். ஒருத்தர் ஸ்வெட்டர் பின்னுவார், ஒருத்தர் பட்டாணி உரிப்பார், வேர்க்கடலைத் தோல் காற்றில் பறக்கும். ஒரே சிரிப்பாக இருக்கும். நான் பால்கனியில் துணி உலர்த்துகிற சாக்கில் நின்று பார்ப்பேன். கீழே போனதில்லை. என் ஹிந்தி கடைக்காரனோடு பேசுகிற ஹிந்தி. எவ்வளவு, குறைத்துக் கொடு, நாளைக்கு வா, இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பெண்கள் நடுவில் உட்கார முடியுமா? தமிழிலேயே நான் நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. "மதராசி பாபி ரொம்ப சாது" என்று சொல்லிவிட்டு, பிறகு அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா மட்டும் என்னோடு பேசுவார். அவரை நான் பாபிஜி, அதாவது அண்ணி என்பேன், அவர் என்னை பெஹன்ஜி, சகோதரி என்பார். அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் பாபிஜி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் லூதியானாவிலிருந்து வந்து இறங்குகிறார்கள்.

"பூரியும் பராட்டாவும் அவங்க எங்கேயும் சாப்பிடுவாங்க, பெஹன்ஜி. பையன் பெங்களூர்ல படிச்சவன். இட்லி சாம்பார்னா உயிராம். எதிர் வீட்டுல செய்வாங்கன்னு நான் சொல்லிட்டேன். செஞ்சு தருவீங்கதானே?"

யோசிப்பதற்குள் தலை ஆடிவிட்டது. பழக்கம் அப்படி.

என்னைக் கட்டிக்கொண்டார். "கீழே எல்லாருக்கும் சந்தோஷம் தெரியுமா? காலையில உங்க வீட்டுலேர்ந்து ஒரு வாசனை வருதே, அது என்னன்னு எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க."

அந்த ஒரு வார்த்தை எனக்கு வேறு எதைவிடவும் பெரிதாக இருந்தது. நான் அவர்களைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கீழேயிருந்து என் சாம்பாரை மோந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இதை மட்டும் நன்றாகச் செய்துவிட வேண்டும், அந்தப் பெண் புகுந்த வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிற முதல் சாப்பாட்டில் என்னால் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

"துவரம்பருப்புதான் யானை விலை விக்குது. எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, நான் வாங்கிடறேன்" என்றார் பாபிஜி.

உள்ளேயிருந்து எங்கள் வீட்டுக்காரர் குரல் வந்தது. "நஹீ நஹீ பாபிஜி. தால் ஹமாரே பாஸ் பஹுத் ஹை." எங்களிடம் நிறைய இருக்கிறதாம். யாரிடமும் சொல்லாதே என்ற மனுஷர்.

குளிரில் இட்லி மாவு சுலபமாகப் பொங்காது. அதனால் வெள்ளிக்கிழமையே ஊறப்போட்டுச் சனிக்கிழமை காலையில் அரைத்தேன். மாவுப் பாத்திரங்களுக்கு அவருடைய பழைய ஸ்வெட்டர்களைப் போட்டுவிட்டேன். ஒரு பாத்திரத்துக்குக் குரங்குக் குல்லாயும் மாட்டினேன். மூன்று பேர் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிற மாதிரி அடுப்பங்கரையில் வரிசையாக இருந்தன. பிறகு, பருப்பைப் புடைத்து வைக்கலாம் என்று கட்டிலைத் திறந்து மூட்டையைப் பிரித்தேன்.

முறத்தில் கொட்டினதும் பீரோவைத் திறந்த மாதிரி இருந்தது. முதலில் என் கையை மோந்து பார்த்தேன். பிறகு புடவைத் தலைப்பை. பிறகு முறத்தைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், அங்கே மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒருவேளை வெந்தால் போய்விடுமோ என்று ஒரு பிடியைக் கழுவிச் சின்னக் குக்கரில் வைத்தேன். விசில் வந்தது. விசிலோடு வீடே நிறைந்துவிட்டது.

"அம்மா, யாரு ரஜாயைக் குக்கர்ல வெச்சது?" என்று உள்ளேயிருந்து பெண் கேட்டாள்.

எங்கள் வீட்டுக்காரர் வந்தார். மூடியைத் திறந்து மோந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மோந்தார்.

"உனக்கு ஜலதோஷம்" என்றார் என்னிடம்.

"ஜலதோஷம் இருந்தா வாசனையே தெரியாதேங்க."

"பெருங்காயத்தைக் கொஞ்சம் தூக்கலா போடு. ஒண்ணும் தெரியாது."

அவர் பேச்சுக்கு நான் எதிர்த்துச் சொல்கிற வழக்கமில்லை. அன்று சொன்னேன். "வேணாங்க. அது பூச்சியைக் கொல்ற சாமான். அவங்க சம்பந்திங்க வயித்துக்குள்ள போறது."

அவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். வெயிலில் காய்ந்தால் ரஜாய்க்குப் போகிற வாசனை பருப்புக்கும் போகாதா என்பது அவர் கணக்கு. பழைய பெட்ஷீட்டை விரித்துப் பரப்பிவிட்டு, புறாவை ஓட்டக் கையில் குச்சியோடு உட்கார்ந்துகொண்டார். டில்லிப் புறாக்கள் பருப்பென்றால் சும்மா விடாது. ஒரு கூட்டமே வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்ததாம். இரண்டு இறங்கி வந்து பெட்ஷீட் ஓரமாக நடந்து பார்த்ததாம். அப்புறம் எல்லாம் சேர்ந்து பறந்து போய்விட்டதாம்.

குச்சியை மூலையில் சாத்திவிட்டு, "புறாகூடத் தொடல" என்று சொன்னார். அதோடு ஒப்புக்கொண்டுவிட்டார். பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் வெறும் பையோடு திரும்பி வந்தார்.

"ஒரு கடையிலயும் துவரம்பருப்பு இல்ல. விலை ஏறும்னு ஜனங்க மூட்டை மூட்டையா வாங்கி வீட்டுல அடுக்கிட்டாங்களாம். கடைக்காரன் திட்டுறான். கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா இந்த ஊர்ல?"

பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டார்.

இனி பாபிஜியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்காரரைப் போகச் சொல்லலாம். பெண்ணும் போகிறேன் என்றாள், அவளுக்குத் தண்ணீர் மாதிரி ஹிந்தி வரும். ஆனால் தலையாட்டியது நான். காலியான தூக்குப் பாத்திரத்தை ஏனோ கையில் எடுத்துக்கொண்டு, எதிர் வீட்டுக்குப் போனேன்.

வீடு நிறைய ஜனம். மருதாணி வைத்த கைகளை நீட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யோசித்து வைத்திருந்த ஹிந்தியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "பாபிஜி, தால் கராப் ஹோ கயா" என்று மட்டும் வந்தது. பருப்பு கெட்டுப்போய்விட்டது.

அவர் முகம் மாறியது. கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "எப்படி?"

எப்படிச் சொல்வது? கட்டிலைக் காட்டினேன். பலகையைத் தூக்குகிற மாதிரி செய்தேன். தோளிலிருந்து மூட்டையை இறக்குகிற மாதிரி செய்தேன். அப்புறம் இரண்டு விரலால் ஒரு சின்ன உருண்டையைப் பிடித்துக் காட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பாபிஜி என் விரலைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். பிறகு கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாய்சாப் அது மேலயேவா படுத்திருந்தார்?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பயமும் சிரிப்புமாக வந்தது.

துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தினார். தான் உட்கார்ந்திருந்த மெத்தையைத் தள்ளிப் பலகையைத் தூக்கினார். உள்ளே சர்க்கரை, நெய், ராஜ்மா, எல்லாம் இறுக மூடிய டின்களில். "எல்லாரும்தான் வெச்சிருக்கோம் பெஹன்ஜி. ஆனா என்கிட்ட துவரம்பருப்பு இல்ல. ஒண்ணு பண்ணுங்க. இந்தப் பாத்திரத்தோட வீடு வீடா போங்க. கடையில இல்லைன்னா வீட்டுல இருக்கும். நான் இந்தக் கூட்டத்தை விட்டுட்டு வர முடியாது."

"நானா?"

"நீங்கதான். நீங்க கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க இதுவரைக்கும் எதுவும் கேட்டதே இல்லையே."

கீழ் வீட்டு டீச்சரம்மா வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மணியை அடித்தது என் விரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கதவு திறந்ததும், "கல் கே லியே தால்" என்றேன். நாளைக்குப் பருப்பு. வேறு ஒன்றும் வரவில்லை. முதலில் அவர் இல்லை என்றார். பிறகு மாடிப்படியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டார். ரிப்பேராகிக் கிடந்த வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்தார். துணி போடுகிற இடம் பூராவும் துவரம்பருப்பு. கிண்ணத்தால் மொண்டு போட்டுவிட்டு, "கிஸீ கோ மத் பதானா" என்று காதோடு சொன்னார். யாரிடமும் சொல்லாதே.

இரண்டாவது மாடி பெங்காலி அம்மா, பட்டுப் புடவை வைக்கிற டிரங்குப் பெட்டியிலிருந்து மைசூர்ப் பருப்பு எடுத்துக் கொடுத்தார். நான் அவசரமாக மோந்து பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பெட்டியில் போட்டிருந்த வேப்பிலையைக் காட்டினார். அதற்கு எதிர் வீட்டில் பயத்தம்பருப்பு வைத்திருந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குளிர்காலத்தில் சும்மா நிற்கிற ஏர் கூலருக்குள், தண்ணீர் ஊற்றுகிற தொட்டியில் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர்களும் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரர் சொன்ன அதே வார்த்தை, வாசலுக்கு வாசல் ஹிந்தியில் கேட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது பாத்திரம் கனத்தது. கீழே மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, மேலே வெளிர் மஞ்சள். துவரம்பருப்பு மட்டும் போட்டு வைத்தால்தான் அது என் சாம்பார். இது என்னவாக வருமோ என்று கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது அன்று என் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மாவு ஸ்வெட்டரைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. சாம்பார் கொஞ்சம் சிவந்தாற்போல, வழக்கத்தைவிடக் குழைவாக வந்தது. புளியைக் கூட்டினேன், தாளிப்பில் வெந்தயம் சேர்த்தேன். ருசி பார்த்த பெண், "அச்சா ஹை அம்மா" என்றாள். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிறாளோ என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். கீழ் வீடு, மேல் வீடு, எல்லா வீட்டுப் பெண்களும் பரிமாற வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடினார். நான் கதவோரமாக நின்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். முதல் வாய் வைத்தார். நிமிரவே இல்லை. அடுத்த இட்லியைச் சாம்பாரில் முழுசாக முக்கினார். அவருடைய அம்மா இட்லியை ஒதுக்கிவிட்டுச் சாம்பாரை மட்டும் டம்ளரில் வாங்கிக் குடித்தார். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

"ஆன்ட்டி, பெங்களூர்லகூட இந்த மாதிரி சாப்பிட்டதில்ல. இதுல என்ன பருப்பு போட்டீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

பரிமாறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. டீச்சரம்மா என்னைப் பார்த்தார். பெங்காலி அம்மா கரண்டியைப் பார்த்தார். கூலர் வீட்டு அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"சப் கா தால்" என்றேன். எல்லோருடைய பருப்பும்.

பாபிஜிதான் முதலில் சிரித்தார். அதற்கப்புறம் யார் யார் எதற்காகச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வாஷிங் மெஷினைப் பற்றியும் கூலரைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கட்டிலைப் பற்றி மட்டும் பாபிஜி சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் இட்லித் தட்டோடு நின்றுகொண்டே, "புறாகூடத் தொடல ஜி" என்று அதையும் சேர்த்துச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து டீச்சரம்மா கையை ஆட்டினார். "மதராசி பாபி, அங்கே நின்னு எத்தனை நாள் பாப்பீங்க? நீச்சே ஆயியே." முறத்தையும் பட்டாணியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெயில் படுகிற பக்கமாக நகர்ந்து இடம் விட்டார்கள்.

அந்தப் பருப்பை எங்கள் வீட்டுக்காரர் குப்பையில் போடவில்லை. மனசு வரவில்லை. கெட்டித் துணியில் சின்னச் சின்னப் பைகளாக என்னைத் தைக்கச் சொன்னார். மொட்டை மாடியில் ரஜாய் காயப்போடும்போது காற்றில் பறக்காமல் இருக்க, நாலு மூலைக்கும் அதைத்தான் வைத்தோம். நாளடைவில் மற்ற வீட்டுக்காரர்களும் இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் அந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற வரைக்கும் அது ஓடியது.

ஒவ்வொரு குளிர்காலமும் புல்தரையில் உட்கார்ந்திருக்கும்போது, யாராவது வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே என்னைக் கேட்பார்கள், அந்தப் பருப்பில் பூச்சி வந்ததா என்று.

"ஏக் பீ நஹீ" என்பேன். ஒன்றுகூட வரவில்லை. அதில் எங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.